சனிக்கிழமை வாடகையும் சனிக்கிழமைச் சந்தையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பயணப் பக்கங்களில் தென் பிரான்ஸ் என்று வந்தாலே நீஸ், கான், மொனாக்கோ என மூன்று நாளில் கதை முடிந்துவிடுகிறது. மிஞ்சிப்போனால் ஒரு லாவண்டர் வயல் படம். நாலைந்து நண்பர்கள் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரே ஒரு சந்தை ஊரில் ஒரு வாரம் ஆற அமர இருந்துவிட்டு வருவது வேறு வகை விடுமுறை. அதற்குத் தனிக் கணக்குகள் உண்டு. போக நினைக்கும் வாசகர்களுக்குப் பயன்படட்டும் என்று, நீம் நகருக்கு வடக்கே சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கும் யூஸெஸ் என்ற ஊரை வைத்து அவற்றை எழுதுகிறோம்.

முதலில், பெரும்பாலானோர் சறுக்கும் இடம். யூஸெஸில் பெரிய சந்தை சனிக்கிழமை காலை. கோடையில் அங்கே வாரவாடகை வீடுகள் பெரும்பாலும் சனி முதல் சனி வரைதான் கிடைக்கும். மாலை 4 அல்லது 5 மணிக்குச் சாவி தருவார்கள். அடுத்த சனிக்கிழமை காலை 10 மணிக்குள் காலி செய்ய வேண்டும். சந்தையோ காலை 8 மணிக்குச் சூடுபிடித்து, மதியம் 1 மணிக்கு மூட்டை கட்டிவிடும். ஆக, எந்தச் சந்தைக்காக அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தீர்களோ, அது நீங்கள் வருவதற்குள் முடிந்திருக்கும்; அடுத்தது நீங்கள் பெட்டி கட்டும் நேரத்தில் நடக்கும். ஏழு நாள் வாடகை கொடுத்தும் அந்தச் சந்தையை நிம்மதியாகப் பார்க்க முடியாது.

இதற்கு இரண்டு வழி. ஜூலை, ஆகஸ்ட்டை விட்டுவிட்டு மே, ஜூன், செப்டம்பரில் போனால் வீட்டுக்காரர்கள் வியாழன் முதல் வியாழன் வரை என்றெல்லாம் இறங்கி வருவார்கள். மின்னஞ்சலில் கேட்டுப் பாருங்கள். கோடைதான் வசதி என்றால், வாரநாளில் சந்தை கூடும் ஊரைப் பிடியுங்கள். வேசோன்-லா-ரோமேனில் செவ்வாய், சேன்-ரெமியில் புதன், ஆந்தூஸிலும் நியோனிலும் வியாழன், கார்பந்த்ராவிலும் லூர்மாரினிலும் வெள்ளி. லீல்-சுர்-லா-சோர்கில் ஞாயிறு, பழம்பொருள் கடைகளும் அன்றைக்குச் சேர்ந்துகொள்வதால் கூட்டம் நெரியும். யூஸெஸிலேயே புதன்கிழமை காலை விளைவிப்பவர்களின் சின்னச் சந்தை ஒன்று உண்டு. சமைக்க வாங்குகிறவர்களுக்கு அதுதான் நல்லது என்பது எங்கள் கட்சி. கூடையும் துணியும் சோப்பும் குறைவு, காய்கறிதான் பிரதானம்.

சனிக்கிழமை மாலை வந்து இறங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சூப்பர் மார்க்கெட்டுகள் பலவும் ஞாயிறன்று காலை மட்டும் திறந்து மதியத்தோடு சாத்திவிடும். ரொட்டிக் கடை ஞாயிறு காலை இருக்கும். ஆனால் நிறையக் கடைகளுக்குத் திங்கள்தான் விடுமுறை. எனவே சாவி வாங்கும் முன்பே வழியில் நிறுத்தி அரிசி, எண்ணெய், பால், காப்பித்தூள், பாத்திரம் கழுவும் திரவம், குப்பைப் பை எல்லாம் வாங்கிவிடுங்கள். கடைசி இரண்டையும் எல்லோரும் மறப்பார்கள்.

இனி சந்தைக் காலை. பிளாஸ் ஓ எர்ப் என்ற சதுக்கத்தைச் சுற்றிக் கல் வளைவுத் தாழ்வாரங்கள், நடுவே பிளேன் மரங்கள், ஒரு நீரூற்று. உணவுக் கடைகள் இங்கேதான். துணிமணி, பாய், கூடை எல்லாம் சுற்றுத் தெருக்களில் பரவியிருக்கும். 9 மணிக்குள் போய்விடுங்கள். 10 மணிக்கு மேல் கார் நிறுத்த இடம் கிடைக்காது. முந்தின நாள் இரவே சந்தைத் தெருவில் காரை நிறுத்திவிட்டுத் தூங்குகிறவர்களுக்கு வேறு தலைவலி: விடியலில் கடை போட இடம் வேண்டுமென்று வண்டியை இழுத்துப் போய்விடுவார்கள். ‘மார்ஷே’ (சந்தை) என்று கிழமையோடு எழுதிய பலகை அருகில் இருக்கிறதா என்று பார்த்து நிறுத்துங்கள்.

முதல் சுற்று வெறுங்கையோடு. யார் விளைவிக்கிறவர், யார் மொத்த மண்டியில் வாங்கி விற்கிறவர் என்று அப்போதே பிரித்துவிடலாம். ஒரே கடையில் வாழைப்பழம், ஆரஞ்சு, வெண்ணெய்ப்பழம், தக்காளி எல்லாம் இருந்தால் அவர் வியாபாரி. நாலே நாலு பொருள், அதிலும் கொஞ்சம் கோணல்மாணலாக, கையெழுத்தில் விலைச்சீட்டு, ‘ப்ரொத்யுக்தர்’ என்ற பலகை என்றால் விளைவிப்பவர். சீட்டில் விளைந்த இடம் எழுதியிருக்க வேண்டும் என்பது விதி, அதையும் படியுங்கள்.

பழத்தை நீங்களாகத் தொட்டு அமுக்கிப் பார்க்கக் கூடாது. வாய் திறந்ததும் முதல் சொல் ‘போன்ழூர்’. அதைச் சொல்லாமல் விலை கேட்டால் முகம் மாறும்; திமிர் என்று நினைக்காதீர்கள், அங்கே அது அடிப்படை மரியாதை. முலாம்பழமோ பீச்சோ கேட்டால் கடைக்காரர் “இன்றைக்கா, நாளைக்கா?” என்று திருப்பிக் கேட்பார். சரியாகப் பதில் சொன்னால் அந்த நாளுக்குப் பழுத்ததை எடுத்துத் தருவார். ஆறு பேருக்கு மூன்று பழம் வாங்குகிறீர்கள் என்றால், ஒன்று இன்று, ஒன்று நாளை, ஒன்று திங்கள் என்று பிரித்துக் கேளுங்கள். மூன்றையும் இன்றைக்கென்று வாங்கினால் ஞாயிறு மாலை இரண்டு அழுகும். ‘லீவ்ர்’ என்றால் அரைக் கிலோ. சில்லறைக்கு 5, 10 யூரோ நோட்டுகள் இருக்கட்டும். சில கடைகளில் அட்டை ஓடாது, ஓடினாலும் இவ்வளவுக்கு மேல்தான் என்பார்கள். முதலில் கனமான சாமான், கடைசியில் பழமும் கீரையும். இல்லாவிட்டால் பையின் அடியில் அத்திப்பழம் கூழாகிவிடும்.

பருவம் பார்த்துக் கேளுங்கள். ஏப்ரல் வாக்கில் தண்ணீர்விட்டான் தண்டும் (அஸ்பாரகஸ்) காரிகெத் என்ற ரக ஸ்ட்ராபெரியும், ஜூனிலும் ஜூலையிலும் ஏப்ரிகாட், ஆகஸ்ட் முடியும்போது அத்தி, கூடவே செவென் மலைப்பக்கத்து இனிப்பு வெங்காயம். அந்த வெங்காயம் காரமே இல்லாதது. தாளிக்க வாங்கினால் ஏமாற்றம். பச்சையாக நறுக்கி எண்ணெயும் உப்பும் போட்டுச் சாப்பிடத்தான் அது.

பெலார்தோன் என்ற ஆட்டுப்பால் சீஸ் அந்தப் பக்கத்துச் சொத்து. உள்ளங்கையில் அடங்கும் வட்டு, எடை 60 கிராம் சுமார். 2000-ல் பிறப்பிடப் பெயர்க் காப்பு பெற்றது. குறைந்தது 11 நாள் பதப்பட்ட பிறகுதான் அந்தப் பெயரில் விற்கலாம். வயதாக ஆக இறுகி, காரசாரமாகிவிடும். ஒரே வயதில் ஆறு வாங்காமல், இளசு இரண்டு, நடுத்தரம் இரண்டு, காய்ந்தது இரண்டு என்று கேளுங்கள். வீட்டில் பிளாஸ்டிக் தாளில் சுற்றினால் ஈரம் கோத்துப் பிசுபிசுக்கும். கடைக் காகிதத்திலேயே விடுங்கள். சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுத்து வைத்தால்தான் மணம் வரும்.

சைவர்களுக்கு: இந்த மாதிரி சீஸ்களைப் பெரும்பாலும் கன்று அல்லது குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளால்தான் உறைய வைக்கிறார்கள். தப்பனாத் என்ற ஆலிவ் விழுது கருப்பாக, அப்பாவியாகத் தெரியும். அதில் நெத்திலி அரைத்துச் சேர்ப்பது மரபு. ஃபூகாஸ் ரொட்டியில் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் இருக்கலாம். “சைவம்” என்று மட்டும் சொன்னால் சிலர் மீனைச் சேர்த்துவிடுவார்கள். இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று பிரித்துச் சொல்லுங்கள். அரிசிக்குக் கவலை இல்லை: பக்கத்திலேயே ரோன் ஆற்றின் கழிமுகத்தில் காமார்க் அரிசி விளைகிறது. சிவப்பு ரகத்துக்கு 40 நிமிடம் வரை கொதிக்க வேண்டியிருக்கும். வெள்ளை சீக்கிரம் வெந்துவிடும்.

வீட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நண்பர்களுக்குள் சண்டை மூண்டுவிடும். குறிப்பாக வெந்நீர். பழைய வீடுகளில் 200 லிட்டர் தொட்டி ஒன்று, மின்கட்டணம் குறைந்த இரவு நேரத்தில் மட்டும் சூடேறும்படி வைத்திருப்பார்கள். பகலில் தீர்ந்தால் தீர்ந்ததுதான். 60 டிகிரி நீரைக் குளிக்கும் பதத்துக்குக் கலந்தால் ஏறக்குறைய 350 லிட்டர் வரும். ஷவரில் நிமிடத்துக்கு 10 லிட்டர் போகும் என்று வையுங்கள்: ஆளுக்கு ஆறு நிமிடம் என்றால் ஆறு பேர் குளிக்கலாம், ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் நாலாவது ஆள் சோப்பு நுரையோடு குளிர்நீரில் நிற்பார். பாதிப் பேர் இரவில், பாதிப் பேர் காலையில் என்று பிரித்துக்கொள்ளலாம். மின்பெட்டியில் வெந்நீர்த் தொட்டிக்கு உரிய மாற்றுப் பொத்தான் எது என்று சாவி வாங்கும்போதே கேட்டு வைப்பது இன்னும் நல்லது. அதைப் பகலிலும் சூடேற்றும்படி திருப்பி வைக்கலாம்.

மின்சாரமும் அப்படியே. நிறைய வீடுகளுக்கு 6 கேவிஏ இணைப்புதான், அதாவது ஒரே நேரத்தில் சுமார் 6 கிலோவாட் வரைதான் தாங்கும். மின் அடுப்பு, அவன், கெட்டில் மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் மொத்த வீடும் இருளும். பெரும்பாலும் பழுது ஒன்றும் இருக்காது. இரண்டை அணைத்துவிட்டு, லிங்கி என்ற இளம்பச்சை மீட்டரில் + பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் திரும்ப வரும். அலுமினிய குக்கரை எடுத்துப்போகிறவர்கள் அங்கே அடுப்பு என்ன வகை என்று முன்பே கேளுங்கள். இண்டக்ஷன் என்றால் காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் வேலை செய்யும். படுக்கை விரிப்பும் துண்டும் வாடகையில் சேர்த்தியா, கடைசி நாள் துப்புரவுக்குத் தனிக் கட்டணமா, முன்பணம் எவ்வளவு பிடித்து வைப்பார்கள் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

கோடையில் 35 டிகிரியைத் தாண்டும்; ஏசி இல்லாத வீடே அதிகம். தடித்த கல் சுவர் காப்பாற்றும், ஆனால் நாம் ஒத்துழைக்க வேண்டும். காலை 9 மணிக்கே சன்னலையும் மரக்கதவையும் சாத்திவிட்டு, இரவு 9-க்கு மேல் திறந்து விடுங்கள். காற்று வரட்டும் என்று பகலில் திறந்து வைத்தால் அனல் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். மிஸ்த்ரால் என்ற வடக்குக் காற்று கிளம்பினால் வேறு கதை. வானம் துடைத்த நீலமாக இருக்கும், முற்றத்துக் குடை பறக்கும். வெளியே போகும்போது குடையை மடக்கிக் கட்டுங்கள். உடைந்தால் முன்பணத்தில் கழிப்பார்கள்.

உணவகத்தில் மதியம் 12 முதல் 1.30, இரவு 7.30 முதல் 9 வரை என்று மனத்தில் வையுங்கள். மூன்று மணிக்குப் பசித்தால் சமையற்கட்டு மூடியிருக்கும். சந்தை நாள் மதியத்துக்கு முன்பதிவு அவசியம். ‘கராஃப் தோ’ என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசம்; ‘தண்ணீர்’ என்று மட்டும் சொன்னால் காசு போட்டு பாட்டில் வரும். சேவைக் கட்டணம் விலையிலேயே அடக்கம்.

பாரிஸிலிருந்து நீம் வரை அதிவேக ரயிலில் மூன்று மணி நேரம். அங்கிருந்து யூஸெஸுக்குப் பேருந்து உண்டு, ஞாயிறன்று மிகக் குறைவு. வாடகைக் கார் எடுப்பதானால், ரயில் நிலையக் கிளைகள் பல ஞாயிறன்று மூடியிருக்கும். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்று தனியாகக் குறிப்பிடாவிட்டால் கியர் வண்டிதான். சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்கட்டும். ரவுண்டானாவில் உள்ளே சுற்றுகிறவர்களுக்கே முன்னுரிமை, அவர்கள் இடப்பக்கமிருந்து வருவார்கள். ஊருக்குள் குறியில்லாத சந்திப்பில் வலப்பக்கத்துச் சந்திலிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும். இங்கேதான் நம்மவர்கள் இடித்துக்கொள்கிறார்கள்.

ஒரு நாள், ரோமானியர்கள் தண்ணீர் கொண்டுபோகக் கட்டிய போன்-த்யு-கார் பாலத்துக்கு ஒதுக்குங்கள், 15 கிலோமீட்டர்தான். அதற்கு முன் யூஸெஸின் காலடியில் உள்ள எர் பள்ளத்தாக்கில் நடந்துவிட்டுப் போனால் பாலம் இன்னும் புரியும். அங்கே கிளம்பும் ஊற்றை ரோமானியர்கள் நீமுக்குக் கொண்டுபோனார்கள்: நேர்க்கோட்டில் 20 கிலோமீட்டர், ஆனால் வளைந்து வளைந்து 50. மொத்த இறக்கம் 12 மீட்டர் சொச்சம். அதாவது கிலோமீட்டருக்கு ஒரு சாண் சரிவு. அந்த ஒரு சாணைக் காப்பாற்றத்தான் 49 மீட்டர் உயரத்தில் மூன்றடுக்குப் பாலம். கொலியா கிராமத்திலிருந்து கயாக் என்ற சிறு படகில் 8 கிலோமீட்டர் மிதந்தும் பாலத்தின் அடிக்கே வரலாம். கோடை வறண்டால் சில இடங்களில் இறங்கித் தள்ள வேண்டும்.

பணம்: முதல் நாளே ஆளுக்கு 100 யூரோ ஒரு டப்பாவில். சந்தை, ரொட்டி, பெட்ரோல் அதிலிருந்து. தீர்ந்தால் மறுபடி சம பங்கு. மதுவைத் தனியாக வையுங்கள். குடிக்காதவர் மனத்தாங்கல்தான் நாலாம் நாள் வெடிக்கும். அறைகளை முதல் மாலையே சீட்டுக் குலுக்கிப் பிரித்துவிடுங்கள்.

ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வாய்ப்பு 15 நாள் முன்பு. காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. வீடு ஒருவர் பெயரில் பதிவாகி இருந்தால், தங்கும் எல்லோர் பெயரையும் சேர்த்து வீட்டுக்காரரிடம் உறுதிக் கடிதம் வாங்குங்கள். இல்லாவிட்டால் மற்றவர்களின் விண்ணப்பத்தில் தங்குமிடச் சான்று இல்லாமல் போகும்.

கிளம்பும் சனிக்கிழமை 10 மணிக்குச் சாவி கொடுத்தாக வேண்டும் என்றால், கண்ணாடிப் பாட்டில்களை முந்தின நாளே தெருமுனைத் தொட்டியில் போட்டுவிடுங்கள். வீட்டுக் குப்பையோடு சேர்க்கக் கூடாது. பெட்டிகளையும் இரவே கட்டிவிட்டு, காலையில் காரை ஊருக்கு வெளிப்பக்கம் நிறுத்துங்கள். 8 மணிக்கு இரண்டு பேர் சந்தைக்குப் போய் எக்-மோர்த் உப்பு, தகர டப்பாவில் அடைத்த ஆலிவ் எண்ணெய், தேன் வாங்கி வரட்டும். இவை விமானத்தில் கீழே போகும் பெட்டிக்குத்தான் ஆகும். கையில் கொண்டுபோகும் பையில் வைத்தால் எண்ணெயையும் தேனையும் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்கள் இருவர்