கோகோஸ் தீவுக்கு ஆசைப்படும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

ஸ்கூபா டைவுக்குக் கோகோஸ் தீவா, இந்தோனேசியாவின் ராஜா அம்பத்தா என்று கேட்டிருந்தாய். இன்னும் ஐம்பது டைவ்கூட முடிக்காத உனக்கு இப்போதைக்கு ராஜா அம்பத்துதான். சோராங் வரை விமானம், அங்கிருந்து வைசாய்க்கு இரண்டு மணி நேரப் படகு. தீவிலேயே தங்கலாம், உடம்புக்கு முடியாத அன்று அறையில் படுத்துக்கொள்ளலாம். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை போ. பார்க்க ஒன்றும் குறைச்சலில்லை: அங்கே கேப் கிரி என்ற இடத்தில் ஒரே டைவில் 374 மீன் இனங்களை எண்ணியிருக்கிறார் மீன் ஆய்வாளர் ஜெரால்ட் ஆலன்.

கோகோஸ் வேறு கணக்கு. கோஸ்டாரிகாவின் புன்டாரெனாஸ் துறைமுகத்திலிருந்து சுமார் 550 கிலோமீட்டர், படகில் 36 மணி நேரம். தீவில் வனக்காவலர்களைத் தவிர யாரும் குடியில்லை. தங்குவது, சாப்பிடுவது, கடலில் இறங்குவது எல்லாம் ஒரே படகில். கூட்டமாக வரும், சுத்தியல் போன்ற தலையுள்ள கொம்பன் சுறாக்களுக்காகத்தான் எல்லாரும் போகிறார்கள். ஒட்டுண்ணிகளைச் சின்ன மீன்கள் கொத்தித் தின்னும் பாறைகளுக்கு அவை வரும்; குமிழிச் சத்தம் கேட்டால் விலகிவிடும். பாறைக்குப் பின்னால் பதுங்கி நிதானமாக மூச்சு விடு. சத்தம் வரக்கூடாதென்று மூச்சை மட்டும் அடக்காதே.

பணம் கட்டும் முன் படகுக்காரரிடம் கேள்: ஆக்சிஜன் எத்தனை லிட்டர் இருக்கிறது? ‘இருக்கிறது’ என்ற பதில் போதாது. 5 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் என்றால் 1000 லிட்டர். டீகம்ப்ரஷன் நோய் (மேலே வரும்போது உடம்பில் நைட்ரஜன் குமிழிகள் உண்டாவது) வந்தவருக்கு நிமிடத்துக்கு 15 லிட்டர் கொடுத்தால் ஒரு மணி நேரம் சொச்சத்தில் தீர்ந்துவிடும். கரையோ 36 மணி நேரத் தொலைவில். அதனால்தான் அங்கே டைவ் கம்ப்யூட்டர் காட்டும் ஆழ, நேர எல்லை வரை போகக்கூடாது என்கிறேன். மூட்டு வலித்தாலோ கை மரத்தாலோ ‘சிலிண்டர் தூக்கியதுதான்’ என்று சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்த டைவுக்கு இறங்குகிறார்களே, அந்த முட்டாள்தனம் வேண்டாம். உடனே சொல்லிவிடு.

இரண்டு இடத்திலும் நீரோட்டம் உண்டு. கடலடிப் பாறைச் சுவரோரம் கீழே இழுக்கும் ஓட்டத்தில் குமிழிகள் மேலே போகாமல் சுழலும், காது திடீரென்று வலிக்கும். அதை எதிர்த்து நேராக மேலே நீந்தினால் காற்றுதான் தீரும். பாறையைப் பிடிக்க முடிந்தால் பிடி. இல்லையென்றால் சுவரை விட்டு விலகிக் குறுக்காக நீந்து. பிசிடியில் (மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் காற்றுச் சட்டை) காற்று சேர்க்க வேண்டி வந்தால் வெளியேற்றும் குழாய் கையிலேயே இருக்கட்டும். ஓட்டம் விட்ட நொடியில் அந்தக் காற்று விரிந்து உன்னை மேலே தூக்கி எறியும்.

நீ இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்டக் கடலுக்கடியிலிருந்து ஊதி மேலே விடும் மிதவைக் குழாய் ஆளுக்கு ஒன்று வேண்டும், குறைந்தது 1.8 மீட்டர். குட்டையானது அலைக்கு நடுவே தெரியவே தெரியாது. 10 மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பு என்பதால், அங்கே பாதி ஊதினாலே மேலே போகும்போது நிறைந்துவிடும். அதன் நூல் சுற்றிய ரீலை உடம்பில் மாட்டாதே, விரல்களில் தளர்வாகப் பிடி. நூல் சிக்கினால் யோசிக்காமல் கையை விடு. ரீல் போனால் போகட்டும். பிறகு 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று ஏறு.

நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்று) எடுத்தால் சிலிண்டரில் ஆக்சிஜன் எவ்வளவு என்று நீயே அளந்து பார். 32 சதவீதத்துக்கு ஆழ எல்லை 33 மீட்டர். கொம்பன் சுறா இன்னும் கீழே நிற்கும், கால் தானாக இறங்கும், கவனம். மூச்சு விடும் ரெகுலேட்டரை யோக், டின் என்ற இரண்டு வகைச் சிலிண்டர் வாய்க்கும் பொருத்த அடாப்டர், கூடவே ஐந்தாறு ஓ-ரிங் (ரப்பர் வளையம்), முகமூடிப் பட்டை ஒன்று எடுத்துக்கொள். நடுக்கடலில் கடை கிடையாது.

படகில் ஏறியதும் உன் அறையிலிருந்து வெளியேற இரண்டாவது வழி எது என்று நடந்து பார். 2019 செப்டம்பர் 2 அன்று கலிஃபோர்னியாவில் ‘கன்செப்ஷன்’ டைவ் படகு எரிந்து 34 பேர் இறந்தார்கள். இரவில் விழித்திருந்து சுற்றிவர ஆள் போடவில்லை. கேமரா, டார்ச் பேட்டரிகளை நீ விழித்திருக்கும்போது மட்டும் சார்ஜ் போடு.

கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம். நான் 24 சொல்வேன். கோகோஸில் திரும்பும் பயணமே அதைத் தந்துவிடும். ராஜா அம்பத்தில் நீதான் கணக்குப் பார்க்க வேண்டும், அதனால் கடைசி நாளை இப்போதே காலியாக விட்டு டிக்கெட் போடு.

அம்மா