நீர்த்தாரை அரிப்பு, எரிச்சல்: தமிழில் வழிகாட்டித் தாளும் இரண்டு குப்பி முறையும் வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் பணியாற்றும் தமிழ் பேசும் தாதியர், மருந்தாளுநர், ஆய்வுக்கூட ஊழியர்கள்

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
மாநில சுகாதாரத் துறை, பினாங்கு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நீர்த்தாரையில், அதாவது சிறுநீர் போகும் வழியில், அரிப்பு, குத்தல், எரிச்சல் என்று சுகாதாரக் கிளினிக்குகளுக்கு வருகிறவர்களுக்காக மூன்று காரியங்களைக் கேட்டு இந்த மனுவைத் தருகிறோம். சோதனைக்குச் சிறுநீர் பிடிப்பது எப்படி என்று படத்துடன் தமிழில் ஒரு தாள், கழிவறைக் கதவின் உட்புறம் ஒட்டப்பட வேண்டும். பாலுறவுத் தொற்று இருக்கலாம் என்று மருத்துவர் கருதினால் சோதனைக்கு இரண்டு குப்பி தர வேண்டும். பதிவு முகப்பில் இந்த நோயை நாலு பேர் காதில் விழச் சொல்ல வேண்டிய நிலையும் மாற வேண்டும்.

நம் மக்கள் வாயில் இதற்கு ஒரே பெயர்தான்: சூடு. உடம்பில் சூடு ஏறிவிட்டது என்று இளநீர், பார்லித் தண்ணீர், ஊறவைத்த வெந்தயம் எனப் பார்த்துக்கொண்டே இரண்டு வாரம் ஓடிவிடுகிறது. தண்ணீர் போதாமல் சிறுநீர் அடர்ந்து சுருக்கென்று எரிவது உண்மைதான். பாயான் லெப்பாஸ், பிறை தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவர்கள், அடிக்கடி கழிவறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குப் பார்லித் தண்ணீர் நல்லதே, சீனி போடாமல் குடித்தால். ஆனால் சிறுநீர் நன்றாக வெளுத்து இரண்டு நாளாகியும் எரிச்சல் நிற்கவில்லையென்றால் அதைச் சூடு என்று விட்டுவிடக் கூடாது. தாளில் முதல் வரியாக இதுவே இருக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

அடுத்து, சவர்க்காரம். வாசனைச் சவர்க்காரம், வெற்றிலைச் சாறு சேர்த்து விற்கும் பெண்களுக்கான கழுவுநீர், குளிக்கும் தண்ணீரில் ஒரு மூடி கிருமிநாசினி, விந்தணுக்கொல்லி தடவிய ஆணுறை ஆகியவை நீர்த்தாரை வாயின் மெல்லிய தோலைப் புண்படுத்தக்கூடியவை. அரிக்கிறதே என்று இன்னும் அழுத்திக் கழுவுவார்கள். கழுவக் கழுவ அரிப்பு கூடும். இவற்றை அடியோடு நிறுத்திவிட்டு, வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவினால், காரணம் அதுவாக இருக்கும்பட்சத்தில் சில நாளில் அடங்கிவிடும். ஆண்களுக்கு நீர்த்தாரை சுமார் 20 செ.மீ. நீளம், பெண்களுக்கு 4 செ.மீ.தான். குடலிலிருந்து வரும் கிருமிக்கு அது மிகக் குறுகிய தூரம். ஆகவே கழிவறைக் குழாயின் தண்ணீரை எப்போதும் முன்னாலிருந்து பின்னால் போகும்படிதான் பீய்ச்ச வேண்டும்.

இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி நாட்டின் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இந்நோய் உண்டு. சர்க்கரை கட்டுப்படாதபோது அந்த இடத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்கும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதால் இந்த அரிப்பு வர வாய்ப்பு அதிகம். மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று மருந்து கொடுக்கும்போதே தமிழில் சொல்லிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைந்து தோல் உலர்வதும், சிறுமிகளுக்கு இரவில் ஊரும் கீரிப்புழுவும் அடிக்கடி தவறவிடப்படும் காரணங்கள்.

பாலுறவு வழியே தொற்றுவதை மக்கள் வெட்டை என்பார்கள். கொனோரியா ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் சீழுடன் தெரியும். கிளமிடியா ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து இலேசான அரிப்பாகத் தொடங்கலாம். பெண்கள் பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது.

நாங்கள் மிகவும் வருந்துவது சோதனைக் குப்பி விஷயத்தில்தான். "சிறுநீர் பிடித்துக்கொண்டு வாங்க" என்று மட்டும் சொல்லிக் குப்பியைக் கொடுத்தால் சோதனை பாதி வீண். கிருமி வளர்ப்புச் சோதனைக்கு நடுச் சிறுநீர் வேண்டும்: கையைக் கழுவி, பெண்கள் பிறப்புறுப்பின் இதழ்களை விரித்து, ஆண்கள் முன்தோலைப் பின்தள்ளி, முதலில் வருவதைக் கழிவறையில் விட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடம் சேர வேண்டும். முடியாவிட்டால் 4 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். காலை எட்டு மணிக்குப் பிடித்த குப்பி நண்பகல் வரை மேசைமேல் இருந்தால், நம் ஊர் வெக்கையில் தோலிலிருந்து விழுந்த நாலு கிருமியும் பெருகி முடிவையே கெடுத்துவிடும்.

கிளமிடியா, கொனோரியாவுக்கான மரபணுச் சோதனைக்கு (கிருமியின் மரபணுவைச் சிறுநீரில் தேடுவது) இதற்கு நேர்மாறு. குறைந்தது ஒரு மணி நேரம் சிறுநீர் போகாமல் இருந்து, முன்கூட்டித் துடைக்காமல், முதலில் வரும் 20 முதல் 30 மில்லியைப் பிடிக்க வேண்டும். நீர்த்தாரைச் சுவரில் ஒட்டியிருப்பதை அடித்துக்கொண்டு வருவது அந்த முதல் சொட்டுகள்தான். நடுச் சிறுநீரை மட்டும் அனுப்பினால் என்ன ஆகும்? சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் சோதனைப் பட்டையில் வெள்ளணுக் கட்டம் நிறம் மாறும், நைட்ரைட் கட்டம் மாறாது, வளர்ப்பில் ஒன்றும் முளைக்காது. "கிருமி இல்லை" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நோய் துணைவருக்கும் போய்ச் சேரும். நைட்ரைட் உருவாகச் சிறுநீர் நாலு மணி நேரமாவது சிறுநீர்ப்பையில் தங்க வேண்டும், எல்லாக் கிருமியும் அதை உண்டாக்குவதுமில்லை. ஆகவே பட்டையை மட்டும் நம்புவது சரியல்ல. பாலுறவுத் தொற்று இருக்கலாம் என்று மருத்துவர் கருதினால் இரண்டு குப்பி கொடுக்க வேண்டும்: முதல் பங்கு முதல் குப்பியில், அடுத்த பங்கு இரண்டாவதில். கூடுதல் செலவில் ஒன்று அந்த இன்னொரு குப்பி. மற்றது மரபணுச் சோதனைக்கான கட்டணம். பின்னால் வரும் சிக்கலோடு ஒப்பிட்டால் அது பெரிதல்ல.

மருந்தகத்தில் கிடைக்கும், தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் யூரல் பொட்டலம் எரிச்சலைத் தணிக்கும், கிருமியைக் கொல்லாது. ஒரு பொட்டலத்தில் 600 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருப்பதால் இரத்த அழுத்தம், இருதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் குடிக்கக் கூடாது. வீட்டில் மிஞ்சிய ஆண்டிபயாட்டிக்கை இரண்டு வேளை போட்டுப் பார்ப்பது அதைவிட மோசம். 1952ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டப்படி அது மருத்துவர் சீட்டோடு மட்டும் தர வேண்டிய மருந்து. கிளமிடியாவுக்கு டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஏழு நாள் முழுக்கப் போட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அது ஆகாது, வேறு மருந்து உண்டு. துணைவருக்கும் சிகிச்சை தந்து, இருவரும் மருந்து முடிக்கும்வரை உறவைத் தவிர்க்காவிட்டால் திரும்பவும் தொற்றும். காய்ச்சல், விலாவலி, சிறுநீரில் இரத்தம், விதைப்பை வலி, சிறுநீர் அடைப்பு, கர்ப்பம் ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே வர வேண்டும் என்பதைத் தாளில் சிவப்பு எழுத்தில் போடக் கேட்டுக்கொள்கிறோம்.

முகப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மலாய் சரளமாக வராத அம்மாக்கள் மகனைத் துணைக்கு அழைத்து வருகிறார்கள். மகன் மொழிபெயர்க்க நிற்கும்போது எந்தத் தாய் அங்கே அரிக்கிறது என்று வாய் திறப்பார்? "உடம்பு சூடு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். வாய்ப் பேச்சுக்குப் பதில், அறிகுறிக்கு நேரே கோடு போட்டுக் கொடுக்கும் ஒரு சிறு சீட்டை முகப்பில் வையுங்கள். துணைக்கு வந்தவர் வெளியே இருக்க, தமிழ் தெரிந்த தாதி ஒருவர் உள்ளே கேட்கட்டும். ஆள் இல்லாத கிளினிக்கில் தொலைபேசி வழியாகவாவது கேட்கலாம்.

தாளுக்கான தமிழ் வாசகத்தை நாங்களே சம்பளமின்றி எழுதித் தருகிறோம். துறை மருத்துவர் ஒருவர் சரிபார்த்து ஒப்புதல் தந்தால் போதும். நேரில் வந்து விளக்க ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கீழே கையொப்பமிட்டுள்ள தாதியர், மருந்தாளுநர், ஆய்வுக்கூட ஊழியர்கள்
பினாங்கு