கூடாரத்துக்குள் சாப்பாடு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை விடுமுறை வந்தால் கொழும்பிலிருந்து குடும்பம் குடும்பமாக வில்பத்துக்கும் யாலவுக்கும் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறார்கள். நல்லதுதான், பிள்ளைகள் காடு பார்க்கத்தான் வேண்டும். ஆனால் கொண்டுபோகிற சாப்பாட்டை இரவில் எங்கே வைப்பது என்று யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. கருவாடு, பாண், வாழைப்பழச் சீப்பு எல்லாம் சொப்பிங் பையோடு படுக்கிறவர்களின் தலைமாட்டிலேயே கிடக்கிறது.

நம் நாட்டுக் கரடி கறையான், எறும்பு, தேன், பழம் என்று தின்று வாழ்கிற பிராணி, ஆளைத் தேடி வருவதில்லை. ஆனால் அதற்குப் பார்வை மந்தம், மூக்கு மட்டும் பயங்கரக் கூர்மை. வாசனையைப் பிடித்துக்கொண்டு இருட்டில் வந்து, மிகக் கிட்ட வந்த பிறகுதான் ஆள் இருப்பதைக் கண்டு திடுக்கிடும், அப்படித் திடுக்கிட்டால் பாய்ந்துவிடும். தலையையும் முகத்தையும்தான் குறிவைக்கும். வன்னிப் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், யானையை விடக் கரடிக்குத்தான் பயம் என்பவர்கள் அங்கே நிறையப் பேர்.

கனடாவில் இருக்கிற நம் உறவுகள், சாப்பாட்டு மூட்டையை நிலத்திலிருந்து 4 மீற்றர் உயரத்தில், அடிமரத்தை விட்டுத் தள்ளி, கிளையில் கயிறு போட்டுத் தொங்கவிடச் சொல்வார்கள். அங்கத்தைய கரடிக்கு அது சரி. இங்கே குரங்கு இருக்கிறது, யானையின் தும்பிக்கை இருக்கிறது, பாலைப்பழக் காலத்தில் கரடியே மரத்துக்கு மேலேதான் இருக்கும். அதனால் கயிற்றை விட்டுவிட்டு அவர்களுடைய மற்றப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளலாம்: வாசனை உள்ள எதுவும் சாப்பாட்டுக் கணக்குத்தான், பற்பசை, சவர்க்காரம், பிள்ளையின் பால்மா உட்பட. எல்லாவற்றையும் இறுக்கி மூடும் கெட்டியான பெட்டியில் போட்டு, கண்ணாடி ஏற்றிப் பூட்டிய வாகனத்தில் வைத்து, வாகனத்தைக் கூடாரத்தை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள். திறந்த சஃபாரி ஜீப் இதற்கு உதவாது. சமையலையும் பொழுது சாய முன் முடித்துச் சட்டி பானையைக் கழுவிவிடுங்கள், மிச்சச் சோற்றைப் புதைக்கவும் வேண்டாம், காட்டுப்பன்றி கிளறிவிடும், கட்டி எடுத்துக்கொண்டே வாருங்கள்.

யாலவில் ஜீப்புக்குள் தும்பிக்கையை விட்டுச் சாப்பாடு தேடிய கெமுனு என்ற யானையின் காணொளியைப் பார்த்துச் சிரித்தவர்கள் பலர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனிதச் சாப்பாட்டின் ருசி பழகிய மிருகம் திரும்பத் திரும்ப வரும், கடைசியில் அடிபடுவதும் அதுதான். வட அமெரிக்காவில் அப்படிப் பழகிய கரடிகளை அதிகாரிகளே சுட்டுக் கொல்ல வேண்டி வருகிறது.

கூடார இடத்துக்குப் பணம் கட்டும்போதே, சாப்பாட்டை எப்படி வைப்பது என்று தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் அச்சிட்ட ஒரு தாளைக் கையில் கொடுத்தால் என்ன? வனஜீவராசிகள் திணைக்களம் அடுத்த விடுமுறைக்கு முன்னர் இதைச் செய்ய வேண்டும். உங்கள் பத்திரிகையும் சுற்றுலாப் பக்கத்தில் இதை ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டு உதவுங்கள்.

வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6