பீரோ சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

எங்கள் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். பஸ் நிறுத்தத்தை ஒட்டி டீக்கடை வைத்திருக்கிறேன். என் மகள் எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். போன மாதம் பள்ளியில் ஒரு கதைப் புத்தகத்தால் நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் ‘விசாரித்து முடிக்கப்பட்டது’ என்று ஒரு வரி பதில் வந்தது. விஷயம் இன்னும் முடியவில்லை அம்மா, அதனால்தான் எழுதுகிறேன்.

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கதைப் புத்தகம் ஒன்றைச் சட்டைக்குள் செருகி வீட்டுக்குக் கொண்டுபோனான். மறுநாள் காலை வணக்கக் கூட்டத்தில் அவனை முன்னால் நிறுத்தி, ‘இனிமேல் திருட மாட்டேன்’ என்று சொல்ல வைத்தார்கள். நாலு நாள் அவன் பள்ளிப் பக்கமே வரவில்லை. அவன் அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. கடையில் ஒருவர், “படிப்பில அவ்வளவு ஆசையா உன் பையனுக்கு?” என்று கேட்டுச் சிரித்தார். பையனின் அப்பா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அவன் ஏன் எடுத்தான் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. என் மகள் சொன்னாள். வெள்ளிக்கிழமை மதியம் நூலகப் பாடவேளை. புத்தகங்களைப் பூட்டி வைத்திருக்கும் பீரோவின் சாவி தலைமையாசிரியையிடம். அவர் கூட்டத்துக்குப் போயிருந்தால் அன்று நூலகம் கிடையாது. இருந்தால், எண்ணிக் கொடுக்கப் பத்து நிமிடம், எண்ணி வாங்கப் பத்து நிமிடம். நடுவில் கிடைப்பதுதான் படிக்கும் நேரம். வீட்டுக்குத் தருவதில்லை. அடுத்த வாரம் அதே புத்தகம் நம் கைக்கு வருமா என்பது அதிர்ஷ்டம். என் மகள் மூன்று கதைகளுக்குத் தானாகவே முடிவு கட்டி வைத்திருக்கிறாள். அந்தப் பையனுக்கு அந்தப் பொறுமை இல்லை, அவ்வளவுதான்.

தலைமையாசிரியை மேல் கோபத்தோடுதான் போனேன். அவர் சொன்னதைக் கேட்டபின் கோபம் இடம் மாறிவிட்டது. முன்பு வேலை பார்த்த பள்ளியில் பிள்ளைகளுக்குத் தாராளமாகப் புத்தகம் கொடுத்திருக்கிறார். மாறுதலில் கிளம்பும்போது இருப்புப் பதிவேட்டுக் கணக்குக்கு 23 புத்தகம் குறைந்தது. சொந்தப் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் விடுவிப்பு வாங்க முடிந்தது. “பீரோவைத் திறந்தா எனக்கு நஷ்டம், பூட்டினா யாருக்கும் நஷ்டமில்ல சார்” என்றார். இப்படி ஒரு கணக்கைச் சொல்லிக்கொடுத்த பிறகு எந்த ஆசிரியர் திறப்பார்?

அதனால் கேட்பது இதுதான். கிழிந்ததையும் தொலைந்ததையும் கழிவாக எழுதிக்கொள்ளலாம், ஆசிரியரிடம் பணம் பிடிக்கக் கூடாது என்று உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வேண்டும். சாவி பிள்ளைகளிடம் இருக்க வேண்டும்.

அரசு புத்தகம் தரவில்லை என்று நான் சொல்லவில்லை. நாலு, ஐந்தாம் வகுப்புக்கு ஊஞ்சல், ஆறிலிருந்து ஒன்பது வரை தேன்சிட்டு என்று இதழ்கள் வருகின்றன. வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகப் பிரித்து அழகான குட்டிப் புத்தகங்கள் போட்டிருக்கிறார்கள். எங்கள் பள்ளியில் ‘நுழை’ பீரோவுக்குள் நுழைந்ததோடு சரி. ‘பற’ அதற்குக் கீழ்த்தட்டில் இருக்கிறது.

கடைக்கு வரும் கிளை நூலகர் ஒருநாள் சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனைப் பற்றிச் சொன்னார். நூலகத்துக்கென்று அவர் ஐந்து விதிகள் வகுத்து 1931-ல் வெளியிட்டாராம். முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே. இதைப் போய் விதியாக எழுத வேண்டுமா என்று கேட்டேன். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் புத்தகத்தை அலமாரியோடு சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள் என்றார். பரவாயில்லை, சங்கிலி நீளத்துக்காவது எடுத்து வைத்துப் படித்திருப்பார்கள்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், நாளிதழ், இதழ்கள், கதைப் புத்தகங்களோடு ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. பீரோ என்று இல்லை.

பூட்டு புத்தகத்தோடு நிற்கவும் இல்லை. கேரம் போர்டு இன்னும் பிளாஸ்டிக் உறையில். அறிவியல் உபகரணப் பெட்டியைத் திறப்பது ஆய்வுக்கு ஆள் வரும் அன்று. மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். இருக்கிறோம், கையெழுத்துப் போட. பிள்ளைகளைத் தலைவர்களாக ஆக்கப்போகிறோம் என்று சுவரில் எழுதியிருக்கிறது. அந்தச் சுவரில் சாய்ந்து நிற்கக்கூட அனுமதி கேட்க வேண்டும். சரி, கேட்க வந்தது வேறு. மன்னியுங்கள்.

பிள்ளைகளால் முடியுமா என்று யோசிப்பீர்கள். என் கடையின் கடன் நோட்டை சாயங்காலம் எழுதுவது என் மகள்தான். யார் எத்தனை டீ, எத்தனை வடை, எல்லாம் அதில் இருக்கும். இதுவரை ஒரு ரூபாய் விட்டதில்லை. அவள் வயதில் ஐந்து பேரையும் ஒரு நாற்பது பக்க நோட்டையும் கொடுங்கள். எடுத்தவர் பெயர், எடுத்த தேதி, திருப்பிய தேதி, போதும். கொரோனாவுக்குப் பிறகு, 2021-ல் வந்த இல்லம் தேடிக் கல்வியில் எங்கள் தெருத் தன்னார்வலர் பெண் திண்ணையில் கயிறு கட்டிப் புத்தகங்களைத் தொங்கவிட்டிருந்தாள். பிள்ளைகள் எடுத்தார்கள், படித்தார்கள், திரும்ப மாட்டினார்கள். சில காணாமல் போயிருக்கும். ஊர் ஒன்றும் மூழ்கிவிடவில்லை.

கடையில் தினத்தந்தி வாங்கிப் போடுகிறேன். காலை ஏழு மணிக்கு நாலு பேர் நாலு தாளாகப் பிரித்துக்கொள்வார்கள். மதியத்துக்குள் டீக்கறை, சாயங்காலம் கந்தல். கந்தலாகாத நாள் என்றால் அன்று கடை லீவு.

ஆகவே அம்மா, புத்தகம் கிழியட்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். பள்ளியைக் குறை சொல்லி நடவடிக்கை எடுக்க வேண்டாம். அந்தத் தலைமையாசிரியை மறுபடி பயந்து இரண்டாவது பூட்டு போட்டுவிடுவார். சுற்றறிக்கையும் சாவியும் மட்டும் போதும். அடுத்த குழுக் கூட்டத்துக்கு முன் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்புப் பிள்ளையின் அப்பா

பின்குறிப்பு: பீரோவின் பழைய பூட்டு துருப்பிடித்துவிட்டதாம். புதுப் பூட்டு வாங்க 180 ரூபாய் பில் குழுவுக்கு வந்திருக்கிறது. நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.