சியோலிலிருந்து அப்பாவுக்கு

சியோல்,
12.10.2006

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். ஜப்பானில் பிரதமர் மாறினால் கொரியாவில் ஏன் இத்தனை பேச்சு என்று கேட்டீர்கள். தொலைபேசி அட்டையில் காசு தீர்ந்துவிட்டதால் அன்று பதில் சொல்ல முடியவில்லை.

கொய்சுமி போய் அபே வந்ததும் இங்கே எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: இவரும் யாசுகுனி கோயிலுக்குப் போவாரா? போர்களில் இறந்த ஏறத்தாழ 25 லட்சம் பேரை வணங்கும் அந்த டோக்கியோ கோயிலில், 1978 முதல் முதல்நிலைப் போர்க்குற்றவாளிகள் 14 பேரும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். கொய்சுமி ஆண்டுதோறும் அங்கே போனார். கடைசியாகப் போனது இந்த ஆகஸ்ட் 15 அன்று. நமக்குச் சுதந்திர நாளான அதே தேதிதான் 1945-இல் கொரியர்கள் ஜப்பானிய ஆட்சியிலிருந்து விடுபட்ட நாளும் என்பதால், அது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது போலாயிற்று.

அபே போருக்குப் பின் பிறந்த முதல் பிரதமர் என்றாலும், போர்க்கால அமைச்சர் கிஷியின் மகள் வயிற்றுப் பேரன் என்பதைத்தான் இங்கே முதலில் சொல்கிறார்கள். கோயிலுக்குப் போவதைப் பற்றி வாயே திறக்காத அவர், பதவியேற்ற இரண்டே வாரத்தில், ஐந்தாண்டுகளாக எந்த ஜப்பானியப் பிரதமரும் போகாத பெய்ஜிங்குக்கு 8-ஆம் தேதியும், மறுநாள் இங்கேயும் வந்தது எங்கள் ஆய்வகத்தில் பலரை வியக்க வைத்தது. மனம் மாறி வந்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கோயில் விவகாரம் வேண்டாம் என்று ஜப்பானியத் தொழிலதிபர்களே சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

வீட்டுக்காரப் பாட்டிக்கு 78 வயது. 1940-இல் அவர் குடும்பம் ஜப்பானியப் பெயர் வைத்துக்கொள்ள நேர்ந்தது. அந்தப் பெயரை இதுவரை என்னிடம் சொன்னதில்லை. ஆனால் சீட்டாட்டத்தில் புள்ளிகளைக் கூட்டும்போது மட்டும் அவர் வாயில் தானாகவே ஜப்பானிய எண்கள் வந்துவிடும். திங்கள் மாலைச் செய்தியில் அபே விமானத்திலிருந்து இறங்கியதைக் காட்டியபோது, பாட்டி எண்ணுவதை நிறுத்தி, "சிரிப்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஆகஸ்டில் பார்ப்போம்" என்றார். மருமகள் சட்டென்று சானலை மாற்றினார். அன்று காலைதான் வட கொரியா அணுகுண்டுச் சோதனை நடத்தியிருந்தது. அவருக்கு அதுதான் கவலை.

அம்மா பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். சோதனை நடந்த இடம் வெகு வடக்கே. இங்கே கடைகள் வழக்கம்போல் திறந்திருக்கின்றன.

உங்கள் அன்பு மகன்,
செந்தில்