லித்தியம் சாப்பிடுகிறவருக்கு வலி மாத்திரை கொடுக்கும் முன்

மருந்துக்கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

என் தம்பிக்கு இருதுருவ மனநோய்; சில காலம் அளவுமீறிய உற்சாகம், சில காலம் எழ முடியாத சோர்வு. டாக்டர்கள் பைபோலார் என்கிறார்கள். அதற்காகப் பதினொரு ஆண்டுகளாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு லித்தியம் மாத்திரை சாப்பிட்டு வருகிறான். அந்த நோய் அவனை இரண்டு முறை படுக்கையில் தள்ளியிருக்கிறது. ஆனால் அவன் சாவின் விளிம்புவரை போய் வந்தது, முழங்கால் வலிக்காக ஒரு கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையால்தான்.

சித்திரை மாதம், கட்டடத்தில் வயரிங் வேலை. வெயிலில் வியர்த்துக் கொட்டியது, தண்ணீர் குடிக்க நேரமில்லை. கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்கி, காலையும் இரவும் ஆறு நாள் சாப்பிட்டான். ஐந்தாம் நாள் டீ தம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. வயிற்றுப்போக்கு, பிறகு வாய் குழறல், தள்ளாட்டம். தெருவில் பார்த்தவர்கள் குடித்துவிட்டான் என்றார்கள். மருத்துவமனையில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது லித்தியம் 2.3 இருந்தது. பொதுவாக 0.6 முதல் 1.0 வரை இருக்க வேண்டும்; 1.5-ஐத் தாண்டினாலே நஞ்சாகத் தொடங்கிவிடும். நான்கு நாள் சலைன் ஏறிய பிறகுதான் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

லித்தியம் ஓர் உப்பு. உடலில் இருந்து அதை வெளியேற்றுவது சிறுநீரகம். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் அந்த வேலையை மந்தப்படுத்துகின்றன. வெளியேற வேண்டியது இரத்தத்திலேயே தேங்குகிறது. உடலில் நீர் வற்றினாலும், உணவில் உப்பைத் திடீரென்று குறைத்தாலும் அதே கதைதான். இரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகளும், ஹைட்ரோகுளோரோதையசைடு, எனலாப்ரில் போன்றவை, இந்த அளவை ஏற்றிவிடும். இவை உங்கள் படிப்பில் இருக்கும். ஆனால் மாலை ஏழு மணிக் கூட்டத்தில், “கால் வலிக்கு ஏதாவது கொடுங்கள்” என்று ஒருவர் கை நீட்டும்போது அது நினைவுக்கு வருவதில்லை. டைக்ளோஃபெனாக் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து என்பதும் அப்போது நினைவுக்கு வருவதில்லை.

ஆகவே ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: “வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?” லித்தியம் என்று பதில் வந்தால் வலிக்குப் பாராசிட்டமால் கொடுத்து, டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். கை நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு என்று சொன்னால் அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

“இதையே எத்தனை வருஷம் சாப்பிடுவீர்கள், நிறுத்திப் பாருங்களேன்” என்று பரிவோடுதான் சிலர் சொல்கிறீர்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்தப் பேச்சைக் கேட்டு என் தம்பி ஒரு கார்த்திகையில் நிறுத்தினான். தையில் நான்கு இரவு தூங்கவில்லை. இரண்டு வேன் வாங்குவதாக ஊரெல்லாம் முன்பணம் கொடுத்தான். அதன் பின் ஆடி வரை பாயைவிட்டு எழவில்லை. 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இந்த உப்பின் பலனை எழுதினார். இன்றைக்கும் தற்கொலை எண்ணத்தைத் தள்ளி நிறுத்துவதில் இதற்கு ஈடான மருந்துகள் மிகக் குறைவு. மாத்திரையோடு, நேரத்துக்குத் தூக்கமும், சில மாதங்களுக்கு ஒருமுறை லித்தியம், சிறுநீரகம், தைராய்டு பரிசோதனையும் சேர்ந்தால் அவன் மற்றவர்களைப் போல வேலைக்குப் போகிறான்.

கடையில் இருப்பு தீர்ந்துபோவதும் எங்களுக்குப் பெரிய பயம். 300 மில்லிகிராம் சாதாரண மாத்திரைக்குப் பதில் 400 மில்லிகிராம் மெதுவாகக் கரையும் மாத்திரையை “இரண்டும் ஒன்றுதான்” என்று மாற்றித் தராதீர்கள். வாடிக்கையாக வருகிறவருக்கு இரண்டு அட்டையாவது எடுத்து வையுங்கள்.

இன்னொன்று. சீட்டைப் பார்த்ததும் சிலர் குரலைத் தாழ்த்தி, செய்தித்தாளில் சுற்றி, யாரும் பார்க்காதபடி நீட்டுகிறீர்கள். நல்ல மனத்தோடுதான் செய்கிறீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு முறையும் என் தம்பி அந்தப் பொட்டலத்தைத் தலைகுனிந்து வாங்குகிறான். பக்கத்தில் சர்க்கரைக்கு மாத்திரை வாங்குகிறவரிடம் பேசும் அதே குரலில் அவனிடமும் விலையைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அக்கா