நூலகர் படிப்பதும் நூலகப் பணிதான்: ஆய்வுக்கு வரும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். காரைக்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர் நான். சென்ற ஆய்வின்போது நடந்தது உங்களுக்குத் தெரியும். பதிவேடுகள் சரியாக இருந்தன. இருப்பு சரியாக இருந்தது. சந்தாப் பணம் கட்டிய ரசீதும் இருந்தது. ஆனால் ஆய்வுக் குறிப்பில் ஏறியதென்னவோ "பணி நேரத்தில் கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்" என்ற வரிதான். அதற்கு விளக்கம் கேட்டுக் கடிதமும் வந்துவிட்டது. முறைப்படி பதில் கொடுத்துவிட்டேன். அந்த அரைப் பக்கத்தில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். அந்த வரியை நீக்குங்கள். நூலகர் படிப்பதும் பணிதான் என்று எழுத்தில் ஒரு வார்த்தை கொடுங்கள்.

எனக்குப் பிடித்தவை பயண நூல்களும் தன்வரலாறுகளும். அதிலும் பர்மா, மலாயா, இலங்கை என்று வந்துவிட்டால் முடிக்காமல் கீழே வைக்கமாட்டேன். கொண்டுவிக்க, அதாவது அந்த நாடுகளுக்குத் தொழில் செய்து பொருளீட்டப் போனவர்களின் வீடுகள் நிறைந்த ஊர் எங்களுடையது. 1942இல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தபோது பாதி வழி நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரன்மாரும் இன்றைக்கும் நூலகத்துக்கு வருகிறார்கள். அவர்கள் தேடுகிற சங்கதி எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று தலைப்பைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. உள்ளே போய்ப் படித்தவருக்குத்தான் தெரியும்.

துப்பறியும் நாவல் எனக்கு ஒட்டாது. இருந்தும் படிக்கிறேன். மதியம் வரும் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் அதைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். முன்பே படித்த கதை வேறு அட்டையில் வந்திருந்தால் இரண்டாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துக் கோபித்துக்கொள்வார். சிறுவர் நூல்களை ஆளில்லாத நேரத்தில் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பேன். எனக்கே நாக்குப் புரளாத வாக்கியமென்றால் அதை மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் நீட்டமாட்டேன். புதுக் கட்டு வந்தால், முத்திரை குத்தி எண் எழுதும்போதே இன்னின்னது முதலில் என்று எடுத்து வைத்துவிடுவேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிப்பதும் உண்டு. சமைத்து, பாத்திரம் கழுவி, மறுநாளுக்கு மாவாட்டி வைத்த பிறகு எத்தனை பக்கம் ஓடும் என்பதை அம்மாமார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் தெருக்கோடியிலிருந்து ஓர் ஆச்சி வருவார். பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று நீளும் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். மூத்த மகனைப் பறிகொடுத்துப் பல மாதம் வெளியே வராமலிருந்தவர், ஒருநாள் வந்து மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஆத்தா, கண்ணு வலிக்காத எழுத்துல, மனசு வலிக்காத கதையா ஒண்ணு குடு" என்றார். புதிதாக வந்த ஒரு குடும்ப நாவல் மேலாகவே இருந்தது. அட்டையில் நடுவீட்டுக் கோலம், பெரிய எழுத்து, பின்னட்டையில் கூட்டுக் குடும்பத்தின் கலகலப்பு என்று நாலு வரி. அவரே கையை நீட்டினார். நான்காம் அத்தியாயத்தில் அந்த வீட்டு மூத்த பையன் லாரியில் அடிபட்டுச் சாகிறான். முந்தின வாரம் அதே மேசையில் உட்கார்ந்து படித்திருந்ததால் எனக்குத் தெரியும். ஆச்சியிடம் ஒன்றும் சொல்லாமல் அதை உள்ளே வைத்துவிட்டு, காசிக்குப் போய்வந்த ஒருவரின் பயண நூலைக் கொடுத்தேன். திருப்பிக் கொடுக்க வந்தபோது, "நாங்க ரெண்டு பேரும் போன ரயிலுதான் இது" என்று சொல்லி, வெகுநேரம் உட்கார்ந்து சத்திரத்தைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் போனார்.

ஆய்வன்று என் கையில் இருந்தது அவருக்கு அடுத்ததாகக் கொடுக்கப் பார்த்துவைத்த புத்தகம்.

ஒரு கதையில் சாவு வருமா வராதா என்பது எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? "ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர்" என்று இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலக விதிகளாக எழுதினார். அவர் பிறந்த நாளென்று ஆகஸ்ட் 12இல் படத்துக்கு மாலை போடுகிறோம். வாசகரையும் நூலையும் சேர்த்துவைக்க வேண்டியவர் நூலைத் திறக்கக் கூடாதென்றால் அந்த விதியை யார் நடத்திக் காட்டுவது?

இது புத்தகத்துக்குப் பேர்போன மண். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த கோட்டையூர் ரோஜா முத்தையா, தன் வருமானத்தைக் கொட்டி ஏறக்குறைய 1 லட்சம் நூல்களையும் இதழ்களையும் சேர்த்தார். 1994இல் சென்னையில் அவர் பெயரால் எழுந்த ஆராய்ச்சி நூலகத்துக்கு அடித்தளம் அதுதான். அப்படிப்பட்ட பக்கத்தில், அரசு நூலகத்து மேசையில் விரித்துவைத்த புத்தகம் குற்றமாகிவிட்டது.

கூட்டுவது, திறப்பது, நாளிதழ் கோப்பது, புள்ளிவிவரம் அனுப்புவது எல்லாம் ஒரே ஆள். சரி, செய்கிறோம். எங்கள் வாசகர்களைக் கண்ணால் கண்டிராத இடத்தில் புத்தகம் தேர்வாகி வருகிறது. அதையும் அடுக்குகிறோம். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி என்பதை, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கப் பூட்டிக் கிடக்கும் வீடுகளும் கட்டுகின்றன. கட்டியவர்கள் வந்து, "இதுல எது நல்லாருக்கும்?" என்று கேட்கும்போது, "எனக்குத் தெரியாதுங்க, படிக்க அனுமதி இல்லை" என்று சொல்லச் சொல்கிறீர்களா? இதை எழுதும்போது கை நடுங்குகிறது, மன்னியுங்கள்.

கேட்க வந்தது வேறில்லை. ஆய்வுக் குறிப்பிலிருந்து அந்த வரியை எடுத்துவிடுங்கள். வாசகர் இல்லாத நேரத்தில் ஊழியர் நூலக நூல்களைப் படிக்கலாம் என்று அடுத்த சுற்றறிக்கையில் ஒரு வரி சேருங்கள். முடிந்தால், அடுத்த முறை வரும்போது இருப்பைச் சரிபார்த்த பிறகு, இந்த மாதம் என்னென்ன படித்தாய், யாருக்கு எதைக் கொடுத்தாய் என்றும் கேளுங்கள். பதில் சொல்லக் காத்திருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
நூலக ஊழியர் ஒருவர்,
சிவகங்கை மாவட்டம்